ஆப்-ஆம்ப்பின் இரண்டு உள்ளீடுகளைச் சமமாக்குவது எது?

கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். எல்எம்35 வெப்பநிலை உணரியின் வெளியீட்டைப் பத்து மடங்காக்க, 741 என்ற ஆப்-ஆம்ப் ஐசியை ('ஆபரேஷனல் ஆம்ப்ளிஃபையர்' என்பதன் சுருக்கமே ஆப்-ஆம்ப்; இரண்டு உள்ளீடுகளும் ஒரு வெளியீடும் கொண்ட பெருக்கி) பிரட்போர்டில் புரட்டாப் பெருக்கியாக, அதாவது சமிக்ஞையைத் தலைகீழாக்காமல் பெருக்கும் விதத்தில் இணைத்து, 5 வோல்ட் மின்வழங்கலில் இயக்கியிருக்கிறீர்கள். அறை வெப்பநிலை 30 டிகிரி. உணரி சரியாகவே 0.3 வோல்ட் தருகிறது. ஆனால் 3 வோல்ட் வர வேண்டிய வெளியீட்டில் 4.1 வோல்ட் வந்து, உணரியை விரல்களால் பொத்திச் சூடாக்கினாலும் அசையாமல் நிற்கிறது. மீட்டரில் பார்த்தால் உணரி இணைந்த புரட்டா உள்ளீட்டில் 0.3 வோல்ட், வெளியீட்டின் ஒரு பங்கு திரும்பி வரும் புரட்டும் உள்ளீட்டில் 0.41 வோல்ட். "இரண்டு உள்ளீடுகளும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும், ஆனால் அவற்றுக்குள் மின்னோட்டம் பாயாது என்று பாடப்புத்தகம் சொல்கிறதே, அது தவறா, அல்லது என் ஐசி கெட்டுவிட்டதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாக இது ஐசியைப் பற்றிய கேள்வி. உண்மையில் நீங்கள் கேட்பது, ஒன்றோடொன்று இணைக்கப்படாத இரண்டு முனைகளை எது சமமாக வைத்திருக்கிறது என்பதுதான். அது விளங்கிவிட்டால் உங்கள் 4.1 வோல்ட்டின் காரணமும் தானே வெளிப்படும் என்பதால் அங்கிருந்தே வருகிறேன். அளவுக்கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஐசி வடிவமைப்பு என் தொழில் அல்ல.

முதலில் ஐசியின் வேலையை மட்டும் தனியே பார்ப்போம். 741-க்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: புரட்டா உள்ளீட்டிலிருந்து புரட்டும் உள்ளீட்டைக் கழித்து, வரும் வித்தியாசத்தை ஏறத்தாழ 2,00,000 மடங்காக்கி வெளியீட்டில் தள்ளுவது. இரண்டையும் சமமாக்க வேண்டும் என்ற நோக்கமோ, அதற்கான உறுப்போ உள்ளே எதுவும் இல்லை. மேசைமேல் கிடக்கும் ஒரு 741-க்கு மின்வழங்கலை மட்டும் கொடுத்து, ஓர் உள்ளீட்டில் 1 வோல்ட்டும் மற்றதில் 2 வோல்ட்டும் வைத்தால் அவை அப்படியேதான் இருக்கும். வெளியீடு மட்டும் ஏதாவது ஒரு கோடியில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். சமமாக்கும் வேலையைச் செய்வது நீங்கள் வெளியீட்டிலிருந்து புரட்டும் உள்ளீட்டுக்குக் கொண்டுவந்த இரண்டு மின்தடைகள், அதாவது எதிர்ப் பின்னூட்டம். மளிகைக் கடையில் பழைய தட்டுத் தராசில் சர்க்கரை நிறுத்ததைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். தராசு இரண்டு தட்டுகளையும் சமமாக்குவதில்லை. எது தாழ்ந்திருக்கிறது என்று முள்ளால் காட்டுகிறது, அவ்வளவுதான். முள்ளைப் பார்த்து அள்ளிப் போட்டும் கிள்ளி எடுத்தும் சமமாக்குவது கடைக்காரரின் கை. ஆப்-ஆம்ப் மிக நுண்ணிய முள். வெளியீட்டிலிருந்து திரும்பி வரும் மின்தடைப் பாதை அந்தக் கை.

உங்கள் சுற்றையே, சரியான மின்வழங்கல் கொடுக்கப்பட்டதாக வைத்துக்கொண்டு, மைக்ரோ விநாடி கணக்கில் பார்க்கலாம். 9 கிலோ ஓம், 1 கிலோ ஓம் என்ற இரண்டு மின்தடைகளால் வெளியீட்டின் பத்தில் ஒரு பங்கு புரட்டும் உள்ளீட்டுக்கு வருகிறது. தொடக்கத்தில் வெளியீடு 0. புரட்டா உள்ளீட்டில் 0.3 வோல்ட். வித்தியாசம் 0.3 வோல்ட், அதை 2,00,000-ஆல் பெருக்கினால் 60,000 வோல்ட். அவ்வளவு உயரத்துக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்ததுபோல வெளியீடு மேலே கிளம்புகிறது. ஆனால் 741-இன் வெளியீடு ஒரு மைக்ரோ விநாடிக்கு அரை வோல்ட்டுக்கு மேல் நகர முடியாது. நான்கு மைக்ரோ விநாடிகளில் 2 வோல்ட்டை அடைகிறது; அப்போது புரட்டும் உள்ளீட்டில் 0.2 வோல்ட். இன்னும் 0.1 வோல்ட் வித்தியாசம் இருக்கிறது, ஆகவே ஏற்றம் தொடர்கிறது. ஆறாவது மைக்ரோ விநாடியை ஒட்டி வெளியீடு 3 வோல்ட்டை நெருங்கும்போது புரட்டும் உள்ளீடு 0.3 வோல்ட்டை நெருங்கிவிடுகிறது. அங்கே ஏற்றம் தணிகிறது. சற்றே தாண்டி 3.1-க்குப் போனாலும் புரட்டும் உள்ளீடு 0.31 ஆகி, வித்தியாசத்தின் குறி மாறி, வெளியீடு கீழே இழுக்கப்படுகிறது. இப்படித் தன்னைத் தானே பிடித்துக்கொண்டு நிற்கும் அந்த இடத்தில் இரண்டு உள்ளீடுகளும் துல்லியமாகச் சமம் அல்ல என்பதைக் கவனியுங்கள். 3 வோல்ட்டை வெளியீட்டில் தாங்கிப் பிடிக்க 3-ஐ 2,00,000-ஆல் வகுத்தால் வரும் 15 மைக்ரோவோல்ட் வித்தியாசம் அங்கே இருந்தே தீர வேண்டும். உங்கள் மீட்டர் அதைக் காட்டாது. அதனால்தான் புத்தகம் 'சமம்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறது. புத்தகம் பொய் சொல்லவில்லை. ஒரு விளைவை விதியாக எழுதிவைத்திருக்கிறது. விளைவு நிகழ்வதற்கான நிபந்தனைகள் குலைந்தால் விதியும் குலையும்.

இவ்வளவு பெரிய பெருக்கத்தை எதற்காக உருவாக்கி, உடனே அதைப் பின்னூட்டத்தில் வீணடிக்கிறோம் என்ற ஐயம் இயல்பாக எழும். 741-இன் தரவுத்தாளைத் திறந்தால் பெருக்கம் வழக்கமாக 2,00,000 என்றும், வணிகத் தர ஐசியில் குறைந்தபட்சம் 20,000 என்றும் இருக்கும். அதாவது ஒரே பெட்டியில் வாங்கிய இரண்டு ஐசிகளுக்கு இடையே பத்து மடங்கு வேறுபாடு இருந்தாலும் தயாரிப்பாளரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பின்னூட்டத்தோடு கணக்கிட்டால், பெருக்கம் 2,00,000 உள்ள ஐசியில் உங்கள் சுற்று 9.9995 மடங்கும், 20,000 உள்ளதில் 9.995 மடங்கும் தரும். பத்து மடங்கு வேறுபாடு ஆயிரத்தில் அரைப் பங்காகக் கரைந்துவிட்டது. நீங்கள் வாங்கிய மின்தடையின் 1 சதவீதப் பிழை இதைவிட எத்தனையோ மடங்கு பெரியது. நிலையற்ற, சூட்டுக்கும் வயதுக்கும் மாறக்கூடிய ஏராளமான பெருக்கத்தைக் கொடுத்து, இரண்டு மின்தடைகளின் விகிதத்தை மட்டுமே நம்பியிருக்கும் சிறிய பெருக்கத்தை வாங்கிக்கொள்கிறோம். இந்தப் பண்டமாற்றைக் கண்டறிந்தவர் பெல் ஆய்வகப் பொறியாளர் ஹெரால்டு பிளாக். தொலைபேசித் தடங்களில் வழிநெடுகப் பெருக்கிகளை அடுக்கும்போது சேர்ந்துகொண்டே போகும் ஒலிச்சிதைவை ஒழிக்க வழி தேடிக்கொண்டிருந்த அவருக்கு, 1927 ஆகஸ்ட் 2 அன்று வேலைக்குப் போகும் வழியில் ஹட்சன் ஆற்றைக் கடக்கும் படகில் இது தோன்றியது. கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் பக்கத்திலேயே வரைந்துகொண்டார். பெருக்கத்தைக் கஷ்டப்பட்டு உண்டாக்கி அதைத் தூக்கி எறிவதா என்று அன்றைய காப்புரிமை அலுவலகமே தயங்கியது. காப்புரிமை கைக்கு வர 1937 ஆகிவிட்டது. ஆகவே உங்களுக்கு இது உடனே விளங்கவில்லை என்றால் அதற்காக வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆபரேஷனல் ஆம்ப்ளிஃபையர் என்ற பெயரைப் பற்றி ஒரு சொல். பலரும் நினைப்பதுபோல 'இயங்கும் பெருக்கி' என்ற பொருளில் இது வைக்கப்படவில்லை. கூட்டல், கழித்தல், தொகையீடு, வகையீடு முதலிய கணிதச் செயல்களை மின்னழுத்தங்களைக் கொண்டு செய்த ஒப்புமைக் கணினிகளின் அடிப்படை உறுப்பு என்பதால், 1947-இல் ஜான் ரகாசினியும் உடன் பணியாற்றியவர்களும் எழுதிய கட்டுரையில் இந்தப் பெயர் வந்தது. 1950-களின் தொடக்கத்தில் ஜார்ஜ் பில்பிரிக்கின் நிறுவனம் விற்ற கே2-டபிள்யூ என்ற ஆப்-ஆம்ப்பில் இரண்டு வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அதற்கு நேர் 300, எதிர் 300 வோல்ட் மின்வழங்கல் தேவைப்பட்டது. ஃபேர்சைல்டில் பாப் விட்லர் 1965-இல் வடிவமைத்த 709-க்கு வெளியே மின்தேக்கிகளையும் மின்தடையையும் சேர்த்தால்தான் அது தானாக அலையாமல் (ஆசிலேஷன் இல்லாமல்) நிற்கும்; 1968-இல் அதே நிறுவனத்தில் டேவ் ஃபுல்லகர் 30 பிகோஃபாரட் மின்தேக்கியை ஐசிக்குள்ளேயே வைத்து 741-ஐ உருவாக்கினார். கல்லூரி ஆய்வகங்களில் இன்றும் 741 குடியிருப்பதற்கு அந்த ஒரு மின்தேக்கியே பெரும் காரணம் என்பது என் எண்ணம்: மாணவர் எப்படி இணைத்தாலும் பெரும்பாலும் அது ஊளையிடுவதில்லை.

இனி உங்கள் 4.1 வோல்ட்டுக்கு வருவோம். உங்கள் சுற்றின் படத்தை நான் பார்க்கவில்லை. நீங்கள் தந்த மூன்று எண்களை மட்டும் வைத்துச் சொல்கிறேன். 4.1-இன் பத்தில் ஒரு பங்கு 0.41; ஆகவே மின்தடைகளும் அவற்றின் இணைப்பும் சரியாக இருக்கின்றன என்பது உறுதி. புரட்டும் உள்ளீடு 0.41 என்று மற்றதைவிட உயர்ந்திருக்கும்போது, உயிரோடு இருக்கும் ஆப்-ஆம்ப் வெளியீட்டைக் கீழே இழுத்திருக்க வேண்டும். அதற்கு மாறாக வெளியீடு மேலேயே நிற்கிறது. உள்ளீடுகளை இடம் மாற்றி இணைத்திருக்கலாம் என்றால், அப்போது பின்னூட்டம் போகும் முனையும் உணரி போகும் முனையும் மாறியிருக்கும். முனை எண்களைச் சரிபார்த்ததாக நீங்களே எழுதியிருப்பதால் அதை ஒதுக்கிவைக்கிறேன். எஞ்சுவது, ஐசி தன் உள்ளீடுகளை ஒப்பிடும் நிலையிலேயே இல்லை என்பது. இதுவே நடந்திருக்க வேண்டும் என்று கருதுகிறேன். 741-இன் உள்ளீட்டு டிரான்சிஸ்டர்கள் வேலை செய்ய, உள்ளீடுகள் எதிர் மின்வழங்கலிலிருந்து ஏறத்தாழ 2 முதல் 3 வோல்ட்டாவது மேலே இருக்க வேண்டும். உங்கள் எதிர் மின்வழங்கல் என்பது கிரவுண்ட், அதாவது 0, உள்ளீடோ 0.3 வோல்ட். உள்ளீட்டு நிலையில் மின்னோட்டமே ஓடவில்லை; அடுத்த நிலைக்கு இழுத்துப் பிடிக்க எதுவும் வரவில்லை; வெளியீடு மேலே போய், 5 வோல்ட்டுக்கு ஏறத்தாழ ஒரு வோல்ட் கீழே மாட்டிக்கொண்டது. 741-இன் வெளியீடு மின்வழங்கலின் எந்த எல்லையையும் முழுமையாகத் தொடாது என்பதால்தான் அந்த ஒரு வோல்ட் இடைவெளி. தராசு தரையில் கிடக்கும்போது கடைக்காரர் என்ன போட்டாலும் முள் அசையாது. உங்கள் ஐசியும் அதே நிலையில்தான் இருக்கிறது. கெட்டுப்போயிருக்க வாய்ப்பு குறைவு. 741 என்பது நேர் 15, எதிர் 15 வோல்ட் காலத்து ஐசி. அதன் தரவுத்தாளின் எண்களில் பெரும்பாலானவை அந்த மின்வழங்கலில் அளந்தவை.

இதற்கு எல்லோரும் சொல்லும் மருந்து எல்எம்358. ஒற்றை மின்வழங்கலுக்கென்றே அமைக்கப்பட்டது. அதன் உள்ளீடுகள் கிரவுண்ட் வரை இறங்கலாம், 3 வோல்ட் மின்வழங்கலிலேயே இயங்கும், சில ரூபாய்களுக்குக் கிடைக்கும். நானும் அதையே சொல்வேன். ஆனால் உங்கள் பத்து மடங்குப் பெருக்கத்தோடு அதைப் போட்டால் மே மாதத்தில் மறுபடியும் வந்து கேள்வி கேட்பீர்கள். எல்எம்358-இன் வெளியீடு கீழே கிரவுண்டை நெருங்கும். மேலே மின்வழங்கலுக்கு ஏறத்தாழ 1.5 வோல்ட் கீழேயே நின்றுவிடும். 5 வோல்ட்டில் அது 3.5 வோல்ட். பத்து மடங்குப் பெருக்கத்தில் 3.5 வோல்ட் என்பது 35 டிகிரி. வெயில் 40 டிகிரியைத் தொடும் நாளில் உங்கள் கருவி 35 அல்லது அதைச் சற்றே தாண்டிய ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டு நிற்கும். அப்போதும் இரண்டு உள்ளீடுகளுக்கு இடையே மீட்டர் ஐம்பது மில்லிவோல்ட் அளவுக்கு வித்தியாசம் காட்டும். ஆகவே பெருக்கத்தை ஐந்தாகக் குறையுங்கள்; 39 கிலோ ஓம், 10 கிலோ ஓம் மின்தடைகளைப் போட்டால் 4.9 மடங்கு வரும், மிச்சத்தை நிரலில் சரிசெய்துகொள்ளலாம். அல்லது மின்வழங்கலை 9 வோல்ட்டாக்குங்கள். ஆனால் வெளியீடு மைக்ரோகன்ட்ரோலருக்குப் போகிறது என்றால் 5 வோல்ட்டைத் தாண்டி அதைக் கொன்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு எல்லைகளையும் ஏறத்தாழத் தொடக்கூடிய எம்சிபி6002 போன்ற ஐசியும் உண்டு. 5 வோல்ட் வேலைக்கு இப்போதெல்லாம் நான் அதைத்தான் எடுக்கிறேன்.

இந்த இடத்தில் கேட்கப்படாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் நோக்கம் ஆர்டுயினோ ஊனோ ஆர்3 என்ற மைக்ரோகன்ட்ரோலர் பலகையில் வெப்பநிலையைப் படிப்பது மட்டுமே என்றால் பெருக்கியே தேவைப்படாமல் போகலாம். அதிலுள்ள மைக்ரோகன்ட்ரோலருக்கு 1.1 வோல்ட் உள் ஒப்பீட்டு மின்னழுத்தம் உண்டு; அதைத் தேர்ந்தெடுத்தால் 1024 படிகளில் ஒவ்வொரு படியும் ஏறத்தாழ 1.07 மில்லிவோல்ட், அதாவது பத்தில் ஒரு டிகிரி. எல்எம்35-இன் சொந்தத் துல்லியமே அறை வெப்பநிலையில் அரை டிகிரி அளவில்தான் இருக்கிறது. இடையில் ஆப்-ஆம்ப்பைச் செருகினால் அதன் ஆஃப்செட் பிழையும் (இரண்டு உள்ளீடுகளுக்கு இடையே ஐசிக்குள்ளேயே இருக்கும் சிறு மின்னழுத்த வித்தியாசம்) சேரும்: எல்எம்358-இல் வழக்கமாக 2 அல்லது 3 மில்லிவோல்ட், மோசமான ஐசியில் 7 வரை. உணரியின் ஒரு டிகிரி 10 மில்லிவோல்ட் என்பதால் அந்த 7 மில்லிவோல்ட் 0.7 டிகிரிப் பிழை; பெருக்கத்தை எவ்வளவு கூட்டினாலும் அது கூடவே பெருகி வரும். பெருக்கி சேர்த்தால் துல்லியம் கூடும் என்பது எப்போதும் உண்மையல்ல. கற்றுக்கொள்வதற்காகச் செய்கிறீர்கள் என்றால் தாராளமாகச் செய்யுங்கள்.

உள்ளீடுகளுக்குள் மின்னோட்டம் பாயாது என்ற இரண்டாவது விதியும் இதேபோல ஓரளவே உண்மை. 741-இன் ஒவ்வோர் உள்ளீடும் வழக்கமாக 80 நானோஆம்பியர் இழுக்கும். உங்கள் கிலோ ஓம் மின்தடைகளில் அது பொருட்படுத்த வேண்டாத அளவு. ஆனால் தொகையீட்டுச் சுற்றில் இதன் குணம் வெளிப்பட்டுவிடும். புரட்டா உள்ளீட்டைக் கிரவுண்டில் வைத்து, எதிர்ப் பின்னூட்டப் பாதையில் மின்தடைக்குப் பதில் மின்தேக்கியைப் போட்டால், புரட்டும் உள்ளீடு எப்போதும் 0 வோல்ட்டில் நிறுத்தப்படும். மெய்நிகர் கிரவுண்ட் என்பது அதைத்தான். உள்ளே வரும் மின்னோட்டம் போக வேறு வழியின்றி மின்தேக்கியில் போய்ச் சேர்ந்துகொண்டே இருக்க, வெளியீடு உள்ளீட்டின் காலத் தொகையாக மாறுகிறது. ஒப்புமைக் கணினிகள் வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்த்தது இந்த ஒரு சுற்றை அடுக்கியே. இப்போது 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, 100 கிலோ ஓம் மின்தடை, உள்ளீடு சுத்தமான 0 என்று வையுங்கள். வெளியீடு அசையக் கூடாது. ஆனால் 80 நானோஆம்பியர் அந்த மின்தேக்கியை விநாடிக்கு 80 மில்லிவோல்ட் வீதம் நிரப்பும். 2 மில்லிவோல்ட் ஆஃப்செட் இன்னொரு 20 மில்லிவோல்ட்டைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். இரண்டும் ஒரே திசையில் அமைந்தால் நேர் 15, எதிர் 15 வோல்ட் மின்வழங்கலில் இரண்டு நிமிடங்களை ஒட்டி வெளியீடு 13 வோல்ட்டில் போய் முட்டி நின்றுவிடும். உள்ளீட்டில் ஒன்றும் கொடுக்காமலேயே! மாணவர்கள் இதைப் பார்த்துவிட்டு ஐசி பழுது என்று எடுத்துப் போடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஜேஃபெட் என்ற வகை டிரான்சிஸ்டர்களை உள்ளீட்டில் கொண்ட டிஎல்072 போன்ற ஐசிகளில் இந்த மின்னோட்டம் பிகோஆம்பியர் கணக்குக்கு இறங்கிவிடும். ஆஃப்செட்டால் வரும் நகர்வு மட்டும் மிஞ்சும். அதற்கும் மேல் வேண்டுமென்றால் மின்தேக்கிக்கு இணையாக ஒரு பெரிய மின்தடையைப் போட்டு, மிக மெதுவான மாற்றங்களைத் தொகுப்பதில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

வேகத்தைப் பற்றி: உள்ளிருக்கும் அந்த 30 பிகோஃபாரட் இலவசமாக வந்ததல்ல. ஐசிக்குள் ஒவ்வொரு நிலையும் சமிக்ஞையைச் சிறிது தாமதப்படுத்துகிறது. அதிர்வெண் கூடக் கூட, தாமதம் அரைச் சுழற்சியை எட்டும் இடத்தில் எதிர்ப் பின்னூட்டம் நேர்ப் பின்னூட்டமாக மாறிவிடும். அங்கேயும் பெருக்கம் மிச்சமிருந்தால் சுற்று தானாக அலையத் தொடங்கும். அதைத் தடுக்க, பெருக்கத்தை வேண்டுமென்றே முன்கூட்டியே சாய்த்துவிடுகிறார்கள். 741-இல் 2,00,000 என்ற பெருக்கம் ஏறத்தாழ 5 ஹெர்ட்ஸ் வரைதான். அதன்பின் அதிர்வெண் பத்து மடங்கானால் பெருக்கம் பத்தில் ஒன்றாகி, 1 மெகாஹெர்ட்ஸ் அருகில் ஒன்றுக்கு இறங்குகிறது. எனவே 10 மடங்குச் சுற்று 100 கிலோஹெர்ட்ஸ் வரையும், 100 மடங்குச் சுற்று 10 கிலோஹெர்ட்ஸ் வரையும் தாக்குப்பிடிக்கும் என்று பொதுவாகச் சொல்லலாம். இது சிறிய சமிக்ஞைக்கான கணக்கு. பெரிய வீச்சு வேண்டுமென்றால், மைக்ரோ விநாடிக்கு அரை வோல்ட் என்ற மேலே சொன்ன எல்லை குறுக்கே வரும்: 20 கிலோஹெர்ட்ஸில் 4 வோல்ட் உச்சத்துக்கு மேல் போனால் சைன் அலை முக்கோணமாகத் தெரியத் தொடங்கும். டிஎல்072-க்கு அந்த வேகம் மைக்ரோ விநாடிக்கு 13 வோல்ட் என்பதால் ஒலிக்கருவி செய்பவர்கள் அதன் பக்கம் போனார்கள். உங்கள் வெப்பநிலை உணரிக்கு இவற்றில் ஒன்றும் தேவையில்லை. அறையின் சூடு மைக்ரோ விநாடியில் மாறுவதில்லை.

ஆனால் வெப்பநிலை மெதுவாக மாறுவது என்பதால் அலைவு உங்களைத் தொடாது என்று நினைத்துவிட வேண்டாம்; நானே அதில் ஒருமுறை ஒரு முழு நாளைத் தொலைத்திருக்கிறேன். ஒரு தொழிற்சாலையில் அடுப்பின் வெப்பநிலை எப்போதும் சில டிகிரிகள் கூடுதலாகக் காட்டியது. உணரியை மாற்றினேன், மின்தடைகளை அளந்தேன், ஆஃப்செட்டைச் சரிசெய்தேன். மீட்டரில் எல்லாம் நிலையான நேர்மின்னழுத்தமாகவே தெரிந்தது. மாலையில் ஆசிலோஸ்கோப்பை எடுத்துவந்து வைத்தபோதுதான், அந்த நிலையான மின்னழுத்தத்தின் மேல் சில நூறு கிலோஹெர்ட்ஸில் பெருக்கி தன்பாட்டுக்கு அலைந்துகொண்டிருந்தது தெரிந்தது. நீண்ட கவசக் கம்பியை நேரே பெருக்கியின் வெளியீட்டில் இணைத்தது நான்தான். அத்தகைய கம்பியின் ஒவ்வொரு மீட்டரும் ஏறத்தாழ 100 பிகோஃபாரட் மின்தேக்கி. அது வெளியீட்டில் கூடுதல் தாமதத்தைச் சேர்த்து, உள்ளே வடிவமைத்தவர்கள் விட்டுவைத்த பாதுகாப்பு இடைவெளியைத் தின்றுவிட்டது. வெளியீட்டுக்கும் கம்பிக்கும் இடையே 100 ஓம் மின்தடை ஒன்றைப் போட்டதும் அலைவு அடங்கியது. எல்எம்35-க்கும் இதே பலவீனம் உண்டு. நீண்ட கம்பியில் அதைத் தொங்கவிடப் போகிறீர்கள் என்றால் அதன் வெளியீட்டிலும் ஒரு தொடர் மின்தடை தேவை. ஐசியின் மின்வழங்கல் முனையை ஒட்டி 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றைக் கிரவுண்டுக்குப் போடுவதையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பிரட்போர்டில் அது இல்லாமலும் ஓடும், ஓடாமலும் போகும். போகும்போது காரணம் தெரியாது.

அடுத்து, வெப்பநிலை ஓர் அளவைத் தாண்டினால் மின்விசிறி ஓட வேண்டும் என்று கேள்வியின் கடைசி வரியில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அங்கே எதிர்ப் பின்னூட்டம் கிடையாது. ஆகவே சமமாக்கும் விதியும் கிடையாது, உள்ளீடுகள் எவ்வளவு வேண்டுமானாலும் விலகி நிற்கும், அது பழுது அல்ல. ஆப்-ஆம்ப்பை அப்படி ஒப்பிடுவானாகப் பயன்படுத்தலாம். ஆனால் எல்லையில் முட்டி நிற்கும் ஆப்-ஆம்ப் அதிலிருந்து மீண்டுவர நேரம் எடுக்கும், ஆகையால் அதற்கென்றே உள்ள எல்எம்393 மேல். அதன் வெளியீடு கீழே இழுக்க மட்டுமே தெரிந்தது. மேலே இழுக்க நீங்கள் ஒரு மின்தடை போட வேண்டும், இல்லாவிட்டால் எதுவும் நடக்காது. வெளியீட்டிலிருந்து புரட்டா உள்ளீட்டுக்கு 1 மெகா ஓம் போன்ற பெரிய மின்தடையால் சிறிது நேர்ப் பின்னூட்டமும் கொடுங்கள். அது இல்லாமல் 35 டிகிரி என்று வைத்தால், வெப்பநிலை 35-ஐ ஒட்டி ஊசலாடும் ஒவ்வொரு முறையும் ரிலே கடகடவென்று அடித்துக்கொள்ளும், இருந்தால் 35.5-இல் ஓடத் தொடங்கி 34.5-இல் நிற்பதுபோல ஓர் இடைவெளியை நீங்களே அமைத்துக்கொள்ளலாம்.

இன்றே நீங்கள் செய்ய வேண்டியது: மீட்டரின் ஒரு முனையைப் புரட்டும் உள்ளீட்டிலும் மற்றதைப் புரட்டா உள்ளீட்டிலும் வைத்து வித்தியாசத்தைப் பாருங்கள். சில மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் பின்னூட்டம் பிடியில் இருக்கிறது, பிழையை உணரியிலோ மின்தடைகளிலோ தேடலாம். அதற்கு மேல் இருந்தால் வெளியீடு எங்கோ முட்டி நிற்கிறது, அல்லது உள்ளீடு அனுமதிக்கப்பட்ட எல்லைக்கு வெளியே இருக்கிறது, அல்லது பாதை அறுந்திருக்கிறது; வேறு காரணத்தை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். எல்எம்358 வாங்கி வந்ததும் 741-ஐப் பிடுங்கிவிட்டு அதே எட்டுத் துளைகளில் செருகிவிட வேண்டாம். 741-இல் நேர் மின்வழங்கல் 7-ஆம் முனையில், வெளியீடு 6-இல். எல்எம்358-இல் இரண்டு பெருக்கிகள் இருக்கின்றன. மின்வழங்கல் 8-இல், முதல் பெருக்கியின் வெளியீடு 1-இல், அதன் உள்ளீடுகள் மட்டும் அதே 2, 3-இல். 7-ஆம் முனை இரண்டாவது பெருக்கியின் வெளியீடு. பழைய கம்பி அப்படியே இருந்தால் 5 வோல்ட்டை நேராக அதன்மேல் கொண்டுபோய்க் கொடுப்பீர்கள். கம்பிகளை மாற்றிய பிறகு, பயன்படுத்தாத அந்த இரண்டாவது பெருக்கியின் 6-ஐயும் 7-ஐயும் ஒன்றாக இணைத்து, 5-ஐக் கிரவுண்டில் வையுங்கள்; பிறகு மின்வழங்கலைக் கொடுத்து, முதலில் 2-க்கும் 3-க்கும் இடையே அளந்து பாருங்கள்.